தொக்கமும் இல்லை, திருஷ்டியும் இல்லை

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குக் குடியாத்தம் பக்கம். என் மகளுக்குப் பத்து மாதம். ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகுக் கூழ், பருப்பு சாதம் எல்லாம் நன்றாகத்தான் சாப்பிட்டாள். ஏழரை மாதத்தில் ஒரு வாரம் பேதி. அதற்குப் பிறகு ஸ்பூனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், வாயில் வைத்ததைத் துப்புகிறாள். எல்லாவற்றையும் மிக்சியில் நைசாக அரைத்துத்தான் தருகிறேன், அப்படியும் இறங்கவில்லை. போனில் பாட்டுப் போட்டு, தெருவில் ஆட்டுக்குட்டி காட்டி, ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. முடியாதபோது எங்கள் அத்தை காலை நீட்டி, அதன்மேல் படுக்கப்போட்டு, பாலாடையில் ஊற்றிவிடுகிறார். வயிறு காயக் கூடாதே என்று ஒரு நாளைக்கு மூன்று பாட்டில் பாக்கெட் பால் கொடுக்கிறோம். பாட்டிலுக்கு 150 மில்லி, ஒரு ஸ்பூன் சர்க்கரை. நடுவில் பிஸ்கட். தாய்ப்பால் நான்கு முறை. பிறந்தபோது எடை 2.8 கிலோ, ஆறாம் மாதம் 6.6, ஒன்பதாம் மாத ஊசி அன்று 7.3, இப்போது 7.6. பக்கத்து வீட்டுப் பையனுக்கும் பத்து மாதம்தான், 9.2 கிலோ இருக்கிறான். கெங்கையம்மன் சிரசுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும், “இன்னாமா, கொழந்த இப்டி ஒட்டிப்போயிருக்கு” என்றே கேட்டார்கள். சாப்பிட்டது உள்ளே சிக்கித் தொக்கம் விழுந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துக்கொண்டு வரலாம் என்கிறார் அத்தை. போகட்டுமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம். மற்றவற்றை ஆற அமரப் பேசலாம். இது நாள் குறித்துவிட்ட விஷயம் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொக்கம் எடுக்கப் போகிறவர்களை நான் குறைவாகப் பேச மாட்டேன். நம் பாலாற்றங்கரை ஊர்களில் சாப்பிடாத பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேறு வழி தெரியாமல் அந்த வாசலுக்குப் போன ஆயாக்கள் எத்தனையோ பேர். உங்கள் அத்தையும் அப்படித்தான் தவிக்கிறார். ஆனால் அங்கே நடப்பதைப் பாருங்கள். தொண்டையில் எண்ணெய் தடவி நீவுவார்கள், மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவார்கள், சிலர் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டுவார்கள். கடைசியில் உள்ளங்கையில் எதையாவது காட்டி, இதுதான் அடைத்துக்கொண்டிருந்தது என்பார்கள். விழுங்கிய சோறு சில மணி நேரத்தில் இரைப்பையை விட்டுக் குடலுக்கு இறங்கிவிடும். இரண்டரை மாதம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்க வழியில்லை. மூச்சுக்குழலில் உண்மையாகவே ஏதாவது சிக்கியிருந்தால் உங்கள் பெண் விடாமல் இருமுவாள், மூச்சு இழுக்கும், நெஞ்சில் சத்தம் கேட்கும். தெருவில் நின்று ஆட்டுக்குட்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்.

மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விட்டால் லேசில் வெளியே வராது. அப்படிச் சளிக்காய்ச்சல் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்த குழந்தைகளுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். வாய்க்குள் விரல் பட்டு அண்ணம் கிழிந்து, அந்த வலியிலேயே அடுத்த பத்து நாள் எதையும் வாயில் வாங்காத குழந்தையையும் பார்த்திருக்கிறேன். உரம் எடுக்கிறேன் என்று புடவையில் போட்டு உருட்டுவதும், குடல் தட்டுவதும், வசம்பை உரைத்து ஊற்றுவதும் வேண்டாம். திருஷ்டி சுற்றிப் போடுவதாக இருந்தால் அத்தை தாராளமாகச் சுற்றிப் போடட்டும். அதனால் குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்லை.

அடுத்தது எடை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்த நான்கு எண்கள்தான். எடை குறைவு என்று எழுதுகிற தாய்மார்கள் பெரும்பாலும் இன்றைய எடையை மட்டுமே எழுதுவார்கள். ஒரே ஒரு நாளின் எடையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நீங்கள் பிறந்ததிலிருந்து எழுதியிருக்கிறீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி பத்து மாதப் பெண் குழந்தையின் நடு எடை 8.5 கிலோ. 6.7 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்று பெயர். உங்கள் பெண் 7.6. பிறந்தபோதே நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தாள். ஆறாம் மாதமும் அப்படியே, ஒன்பதாம் மாதமும் அப்படியே, இன்றும் அப்படியே. தனக்கென்று ஒரு தடம் வைத்துக்கொண்டு அதைவிட்டு விலகாமல் போகிறாள். தாய் சேய் நல அட்டையில் பெண் பிள்ளைக்கான பக்கத்தில் இந்த நான்கையும் புள்ளி வைத்து இணைத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டுப் பையனின் 9.2 கிலோ, ஆண் பிள்ளைகளின் நடு எடை. ஆணுக்கும் பெண்ணுக்கும் அட்டவணையே வேறு. இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். பெண் குழந்தை பிறந்து முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய 2.6 கிலோ கூடும். ஒன்பதாவது மாதத்திலிருந்து பன்னிரண்டு வரையிலான மூன்று மாதத்தில் கூடுவது சுமார் 700 கிராம்தான். வளரும் வேகம் கால்வாசிக்குப் பக்கமாக இறங்கிவிடுகிறது. அந்த அளவுக்குப் பசியும் அடங்கும். முன்பு அவசர அவசரமாகக் குடித்த குழந்தை இப்போது இரண்டு வாய் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கிளம்புவது இதனால்தான். பல வீடுகளில் சாப்பாட்டுச் சண்டை தொடங்குவதும் சரியாக இந்த வயதில்தான்.

அப்படியானால் எல்லாம் சரியாக இருக்கிறதா? எடை சரி. சாப்பாடு சரியில்லை. அதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

ஒன்பதிலிருந்து பதினொரு மாதம் வரை, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு மற்ற உணவிலிருந்து தேவைப்படுவது ஒரு நாளைக்குச் சுமார் 300 கலோரி. மூன்று பாட்டில் பால், அதாவது 450 மில்லி. மூன்று ஸ்பூன் சர்க்கரை. இதிலேயே 300 கலோரி வந்துவிடுகிறது. நான்கு பிஸ்கட் தின்றால் இன்னும் எண்பது, நூறு சேரும். சாதத்துக்கு அவள் வயிற்றில் இடம் எங்கே? அவள் வயிறு கொள்வதே கிலோவுக்கு 30 மில்லி வீதம் 230 மில்லிதான், ஒரு டம்ளருக்குப் பக்கம். சாப்பிடவில்லையே என்று பாட்டில் கொடுக்கிறீர்கள், பாட்டில் குடித்ததால் அவள் சாப்பிடவில்லை. பேதி நின்றதிலிருந்து இந்தச் சக்கரம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. பேதிக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் குழந்தைக்குப் பசி மந்தமாக இருக்கும், பிறகு தானாகத் திரும்பும். திரும்பி வந்த பசிக்கு உங்கள் வீட்டில் பாட்டில் பதில் சொல்லிவிட்டது.

ஒரு வயதுக்கு முன்னால் பசும்பாலையோ பாக்கெட் பாலையோ குடிக்கும் பாலாகக் கொடுப்பதில் வேறு கெடுதலும் உண்டு. அதில் இரும்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை. மற்ற உணவில் இருக்கும் இரும்பையும் உடம்பில் சேரவிடாது. சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் குடலில் இரத்தக் கசிவும் ஏற்படும். பாட்டிலின் ரப்பரும் கழுத்தும், நம் வெயிலில், கிருமிக்கு நல்ல குடித்தனம். எட்டு நாடுகளில் குழந்தைகளின் குடல் தொற்றையும் வளர்ச்சியையும் பின்தொடர்ந்த மால்-எட் ஆய்வில் நம் வேலூரும் ஓர் இடம். பேதி போகாத நாட்களிலும் குழந்தைகளின் குடலில் நோய்க்கிருமிகள் இருப்பதையும், அவை வளர்ச்சியைப் பின்னுக்கு இழுப்பதையும் அதில் கண்டார்கள். ஏழரை மாதத்தில் வந்த பேதிக்கு உங்கள் வீட்டுப் பாட்டில்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இனி வராமல் இருக்கப் பாட்டிலை எடுத்துவிடுங்கள், ஊட்டுகிற கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அவள் கையையும்தான்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலில் படுக்கப்போட்டு ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். மல்லாந்து கிடக்கும் குழந்தை அழுதுகொண்டே மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் ஊற்றிய கஞ்சி உணவுக்குழாய்க்குப் போகுமா, மூச்சுக்குழாய்க்குப் போகுமா என்பதை யாராலும் சொல்ல முடியாது. புரையேறுவது ஒரு நொடி வேலை. நம் பாட்டிமார்கள் காலில் போட்டுத்தான் வளர்த்தார்கள் என்று அத்தை சொல்வார். அவர்கள் வளர்த்தார்கள், அந்தக் காலில் கிடந்து மூச்சு முட்டிப்போன குழந்தைகளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஆபத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். பத்து மாதக் குழந்தைக்கு ஞாபகம் நன்றாக இருக்கும். ஸ்பூன் கண்ணில் பட்டதும் கையைப் பிடித்துக்கொள்வார்கள், தலையை அழுத்துவார்கள், வாயில் ஏதோ வந்து விழும், மூச்சு முட்டும். இதுதான் அவள் கற்றுக்கொண்ட பாடம். முகத்தைத் திருப்புகிறாள் என்றால் அவள் புத்திசாலி. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாள். அவள் வேண்டாம் என்பது பருப்பு சாதத்தை இல்லை, அந்தச் சண்டையை.

போனும் இதே கதைதான். திரையில் கண் ஒட்டியிருக்கும்போது வாய் தன்னால் திறக்கும், உள்ளே போவது தெரியாது. பசித்ததா, வயிறு நிறைந்ததா, புளித்ததா, இனித்ததா, எதுவும் அவள் மனதில் பதியாது. ஒரு வயதுக்கு முன்னால் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. சாப்பாட்டு நேரத்திலாவது அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

மிக்சியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு மாதத்தில் கூழாக மசித்தது சரி. ஏழு, எட்டில் கையால் மசித்ததும், ஒன்பதில் சிறு துணுக்குகளும் வந்திருக்க வேண்டும். பத்து மாதத்துக்கு மேலும் கட்டியில்லாத உணவாகவே கொடுத்துக்கொண்டிருந்தால், பிற்பாடு சாப்பிட வைப்பது கஷ்டமாகலாம் என்பது நிபுணர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம். பல் இல்லையே என்று பயப்படாதீர்கள். ஈறே மெல்லும். உங்கள் விரலை அவள் கடித்த நாளை நினைத்துப் பாருங்கள், எவ்வளவு வலு அதற்கு! அரைத்த கலவையில் இன்னொரு குறையும் உண்டு. சாதம், பருப்பு, கேரட், கீரை எல்லாம் சேர்ந்து ஒரே நிறம், ஒரே ருசி. நாளைக்கு மூன்று வேளை அதைக் கொடுத்தால் நீங்களோ நானோ கூடத் துப்பத்தான் செய்வோம்.

கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரின் ஆய்வு ஒன்றை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1920-களில் தொடங்கி, 1939-ல் முடிவை எழுதினார். தாய்ப்பாலை விட்டு உணவுக்கு வரும் பருவத்தில் இருந்த 15 குழந்தைகள். 34 வகை உணவுப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு வேளையும் பல கிண்ணங்கள் எதிரே வைக்கப்படும். இறைச்சி, முட்டை, பால், காய், பழம், தானியம். செவிலியருக்கு ஒரே கட்டளை: குழந்தை கை நீட்டினால் மட்டும் கொடு, நீட்டாததைக் காட்டாதே, கெஞ்சாதே, புகழாதே. ஒரு வேளை முட்டையாகவே தின்றார்கள், ஒரு வேளை வாழைப்பழமாகவே தின்றார்கள். பார்க்கிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாக இருந்தது. மாதக்கணக்கில் கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு குழந்தையும் தனக்கு வேண்டியதைத் தின்று நன்றாக வளர்ந்திருந்தது. ஆனால் அந்தத் தட்டில் சர்க்கரை இல்லை, பிஸ்கட் இல்லை. எதை வைப்பது என்பது பெரியவர்கள் கையில் இருந்தது. எதை, எவ்வளவு எடுப்பது என்பது குழந்தை கையில். உங்கள் வீட்டில் இப்போது இது தலைகீழாக இருக்கிறது. என்ன என்பதை அவள் அழுகை முடிவு செய்கிறது, பாட்டில் வந்துவிடுகிறது. எவ்வளவு என்பதை அத்தையின் பாலாடை முடிவு செய்கிறது.

இனிச் செய்ய வேண்டியது.

முதலில் பாட்டில். மத்தியானப் பாட்டிலை நாளைக்கே நிறுத்துங்கள். மூன்று, நான்கு நாள் கழித்துக் காலைப் பாட்டில். இரவுப் பாட்டில் கடைசியாக. பத்து, பன்னிரண்டு நாளில் மூன்றும் போய்விட வேண்டும். அழுதால் தாய்ப்பால் கொடுங்கள். குழந்தை அதிகமாகக் குடிக்கக் குடிக்கப் பாலும் கூடும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துச் சின்ன டம்ளரில் கொடுங்கள். கொஞ்சம் மேலே கொட்டிக்கொள்வாள், பரவாயில்லை. பிஸ்கட் டப்பா வீட்டை விட்டே போகட்டும். தயிர் கொடுக்கலாம், அது உணவுக் கணக்கு.

மூன்று வேளைச் சாப்பாடு, சாயங்காலம் ஒரு சிறு தீனி. சாப்பாட்டுக்கு முந்திய ஒன்றரை மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். தாய்ப்பாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நம் பக்கம் வெயில் கொளுத்துகிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஷீட்டுக் கூரையின் கீழே பெரியவர்களுக்கே சோறு இறங்காது. அதனால் காலை எட்டு மணிக்குள் ஒரு நல்ல வேளையையும், வெயில் தாழ்ந்து ஏழு, ஏழரைக்கு ஒரு நல்ல வேளையையும் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் தயிர் சாதமாக லேசாக இருக்கட்டும், மாம்பழத் துண்டு இருக்கட்டும், அவள் நாலு வாய் எடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

இடம் எப்போதும் ஒன்றே. தரையில் பாய் போட்டு, நிமிர்ந்து உட்காரவைத்து, அவளுக்கென்று ஒரு தட்டு. எதிரே நீங்களும் சாப்பிட வேண்டும். இதைத்தான் மிகவும் வற்புறுத்திச் சொல்லுவேன். கணியம்பாடிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு முகாமுக்குப் போனபோது, சாப்பிடவே மாட்டேன் என்கிறது என்று என்னிடம் காட்டவந்த குழந்தை, திண்ணையில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்த தாத்தாவின் தட்டில் கைவிட்டு, கீரைக் கடைசலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதன் அம்மா கிண்ணத்தோடு பின்னால் நின்றார். குழந்தைக்குத் தனிச் சமையல், தனி நேரம், எதிரே மூன்று பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது, இது யாருக்கும் பிடிக்காது.

எனவே வீட்டுச் சமையலிலிருந்தே எடுங்கள். உப்பும் மிளகாயும் போடுவதற்கு முன் அவள் பங்கை எடுத்து வைத்துவிட்டால் போதும். சீரகம், பூண்டு, மஞ்சள், கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் இருக்கட்டும். நீங்கள் சாப்பிட்ட பூண்டு வாசனை தாய்ப்பாலிலேயே அவளுக்குப் பழக்கம்தான். நெய் விட்டுப் பிசைந்த பருப்பு சாதத்தைச் சுண்டைக்காய் அளவு உருண்டையாக உருட்டித் தட்டில் வையுங்கள். இட்லியை விரல் நீளத்துக்கு வெட்டி வையுங்கள். வேகவைத்த சக்கரவள்ளிக்கிழங்கு, பூசணி, பப்பாளி. கெட்டியாகக் கிண்டிய கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரைக் கடைசல். உங்கள் பக்கம் கிடைக்கிற முள்ளு கத்திரிக்காயை வேகவைத்துக் கடைந்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். வேகவைத்த முட்டையை மஞ்சள், வெள்ளை இரண்டும் சேர்த்து உதிர்த்துக் கொடுங்கள். அங்கன்வாடியில் வாங்கும் சத்துமாவைக் கஞ்சியாக நீர்க்கக் கரைக்காமல் கெட்டியாகக் கிண்டிப் பிசைந்து கொடுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் வழியக் கூடாது, அதுதான் பதம். நீர்க்கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்புக்குச் சேராது. ஒரு ஸ்பூன் நெய்யோ மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெயோ சேர்த்தால் அதில் மட்டும் 45 கலோரி. மல்லாட்டையை வறுத்து மாவாகப் பொடித்துக் களியிலோ கஞ்சியிலோ சேர்ப்பதும் நல்லது. தேன் மட்டும் ஒரு வயது வரை நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. டீயும் வேண்டாம்.

தட்டில் வைத்தபின் உங்கள் வேலை முடிந்தது. அவள் பிசைவாள், தலையில் தேய்த்துக்கொள்வாள், கீழே போடுவாள். அதுவும் சாப்பிடக் கற்பதுதான். இருபது நிமிடம் பாருங்கள். வாயை மூடிக்கொண்டால், தலையைத் திருப்பினால், தட்டைத் தள்ளினால் அந்த வேளை முடிந்தது. திட்டாமல், கெஞ்சாமல், “இன்னும் ஒரே ஒரு வாய்” என்று சொல்லாமல் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை வேறு எதுவும் கிடையாது, தாய்ப்பால் தவிர. புதிய உணவைப் பார்த்து முகம் சுளித்தால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எட்டு, பத்து முறை கண்ணிலும் கையிலும் வாயிலும் பட்ட பிறகுதான் பல குழந்தைகள் ஒரு ருசியை ஏற்கும். நாம் மூன்றாவது முறையிலேயே கைவிட்டுவிடுகிறோம்.

முதல் நான்கு, ஐந்து நாள் இப்போது சாப்பிடுவதைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுவாள். உங்கள் வயிறு கலங்கும். பழைய பாட்டிலை எடுக்கக் கை நீளும். அந்த நாட்களைத் தாண்டிவிடுங்கள். போகப் போக ஒரு வேளைக்குக் கால் லிட்டர் கிண்ணத்தில் பாதி வரை வருவாள். ஒரு வேளை நிறைய, ஒரு வேளை ஒன்றுமே இல்லை என்றால் பதற வேண்டாம், வாரக் கணக்கில் பாருங்கள்.

அத்தைக்கு ஒரு வேலை கொடுங்கள். உருண்டை பிடிக்கும் வேலை அவருக்குத்தான். எதிரே உட்கார்ந்து, தானும் ஒன்று வாயில் போட்டு, ரசித்து மென்று காட்டட்டும். ஆயா சாப்பிடுவதைப் பார்த்துச் சாப்பிடாத பேத்தியை நான் பார்த்ததில்லை. டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். இரவு வேளையில் வீட்டுக்காரரும் வேலை முடிந்து வந்து கூட உட்காரட்டும்.

தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம் உங்களுக்கு வரும், வரவும் வேண்டும். உணவு கட்டியாக மாறும்போது குழந்தை சில தடவை ஓங்கரிக்கும். முகம் சிவக்கும், சத்தம் வரும், தானே வெளியே தள்ளிவிடும். அது உடம்பின் காவல், விரலைவிட்டு எடுக்கப் போகாதீர்கள். உண்மையான அடைப்பில் சத்தம் வராது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலம் பாயும். உடனே குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, இரு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லை என்றால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்துகொண்டே இன்னொருவரை 108-க்கு போன் செய்யச் சொல்லுங்கள். முழு மல்லாட்டை, கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட், முறுக்கு, பாப்கார்ன் இவை அவள் கைக்கு எட்டவே கூடாது. சாப்பிடும்போது தனியாக விட்டுவிட்டு எழுந்து போகவும் கூடாது.

கடைசியாக, இந்த வாரமே செய்ய வேண்டிய ஒன்று. இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். தாயிடமிருந்து கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு பாக்கெட் பாலும் அரைத்த சாதமும் பிஸ்கட்டும் என்றால் இரும்பு எங்கிருந்து வரும்? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரத்தசோகை வந்தால் பசியே எடுக்காது, அதனால் சாப்பிடாது, அதனால் இன்னும் கூடும். உங்கள் பெண்ணுக்கு அது இருந்தால் நான் மேலே சொன்னவை மட்டும் போதாது, மருந்தும் வேண்டும். இல்லாவிட்டாலும், ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்கு அரசு கொடுக்கும் இரும்பு சிரப்பை வாரத்தில் இரண்டு முறை, 1 மில்லி வீதம் கொடுங்கள். கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். நீங்கள் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்றால் வாரம் ஒருமுறை ஆட்டீரலை நன்றாக வேகவைத்து மசித்துச் சாதத்தில் சேருங்கள். சைவம் என்றால் கீரை, பருப்போடு நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்துவிடுங்கள், இரும்பு நன்றாகச் சேரும்.

குழந்தை விழுங்கும்போதெல்லாம் இருமினால், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வாந்தி எடுத்தால், மலத்தில் இரத்தம் வந்தால், உள்ளங்கை வெளுத்திருந்தால், மண்ணை எடுத்துத் தின்றால், இரண்டு மாதம் எடை ஏறாமல் நின்றால், அல்லது பிடிப்பில்லாமல் உட்காராமலும் கூப்பிட்டால் திரும்பாமலும் இருந்தால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், நேரில் டாக்டரிடம் காட்டுங்கள்.

தினமும் எடை பார்க்க வேண்டாம். அங்கன்வாடியில், ஒரே தராசில், துணியில்லாமல், மாதம் ஒருமுறை போதும். இப்போதிருந்து ஒரு மாதம் கழித்து 200 கிராம் கூடியிருந்தாலே எனக்குத் திருப்தி. அந்த எடையையும் இரத்தப் பரிசோதனை முடிவையும், அவள் தானாகக் கையில் எடுத்துத் தின்றது முதலில் எது என்பதையும் எழுதி அனுப்புங்கள். காத்திருப்பேன்.